நான் அழித்த பதிவு

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அம்பத்தூர் தொழிற்பேட்டையை ஒட்டியிருந்த ஒரு சிறிய தர்ம ஆஸ்பத்திரியில் காசநோய்ப் பிரிவு என் பொறுப்பில் இருந்தது. யாரோ நன்கொடையாகக் கொடுத்த கம்ப்யூட்டர் ஒன்று அங்கே உறை பிரிக்காமல் கிடந்தது. மாத்திரை வாங்க வராமல் நின்றுபோனவர்கள் யார் யார் என்று நோயாளிகளின் அட்டைகளைப் புரட்டிக் கண்டுபிடிக்க ஒரு நாள் முழுக்கப் போய்விடும். இதில் ஏற்றிவிட்டால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடுமே என்று தோன்றியது. ஆறு மாதம் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆவடியில் ஒரு கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போய், கல்லூரிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து கற்றுக்கொண்டேன்.

எல்லா அட்டைகளையும் நானே ஏற்றினேன். ஒரே பெயர், ஒரே வயது, மண்ணூர்பேட்டை என்று ஒரு பதிவு இரண்டு தடவை வந்திருந்தது. இரண்டு முறை ஏற்றிவிட்டேன் போலிருக்கிறது என்று நினைத்து, பிந்திய தேதியிட்டதை அழித்தேன். பிறகு அட்டைகளைச் சாக்கில் கட்டிப் பரணில் போடச் சொன்னேன். மூத்த நர்ஸ் தயங்கினார். கொஞ்ச நாள் அட்டையையும் பார்த்துக்கொள்ளலாமே என்றார். நீங்கள் மாறவே மாட்டீர்களா என்று எல்லோர் முன்னாலும் கேட்டேன்.

அந்தப் பெயருக்குரிய பெண் மாத்திரை வாங்க வந்தாள். போல்ட் செய்யும் பட்டறையில் நின்றுகொண்டே வேலை பார்ப்பவள். ஆறு மாதச் சிகிச்சை முடிந்துவிட்டதாகத் திரை காட்டியது. இனி மருந்து வேண்டாம் என்றேன்.

"ரெண்டு மாசமாத்தான் வந்துகினு கீறேன் டாக்டரே. ஆறு மாசம்னு நீங்கதான சொன்னீங்கோ?"

திரையை அவள் பக்கம் திருப்பிக் காட்டினேன். ஆங்கிலத்தில் இருந்தது. அவளுக்குத் தமிழே படிக்கத் தெரியாது என்பது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் திருப்பினேன்.

"மிசினு சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று கும்பிட்டுவிட்டுப் போனாள்.

மூன்று மாதம் கழித்து முந்தானையில் ரத்தக் கறையோடு வந்தாள். பாதி ஆளாகியிருந்தாள். பரணில் ஏறி நானே சாக்கை அவிழ்த்தேன். இரண்டு அட்டைகள் இருந்தன. ஒருத்தி கணவனின் பெயர் ஒன்று, மற்றவள் கணவனின் பெயர் வேறு. என் படிவத்தில் கணவன் பெயருக்கு இடமே வைக்கவில்லை. சிகிச்சை முடித்தவள் இன்னொருத்தி. இவளை நான் அழித்திருந்தேன்.

கீழே இறங்கி வந்து, சில பேருக்கு இந்த நோய் திரும்ப வரும் என்று அவளிடம் சொன்னேன். நர்ஸ் என்னைப் பார்த்தார்.

மறுபடி எட்டு மாதச் சிகிச்சை. முதல் இரண்டு மாதம் தினமும் இடுப்பில் ஊசி. உட்கார முடியாமல் வரிசையில் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். ஒவ்வொரு நாளும் சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பேன். அடுத்த சீட்டைக் கூப்பிட்டுவிடுவேன். பட்டறையில் அவள் இடத்துக்கு வேறு ஆள் வைத்துவிட்டார்கள்.

சளிப் பரிசோதனை சுத்தமாக வந்த கடைசி நாளில்தான் சொன்னேன். அதே பெயரில் இன்னொரு பெண் இருந்ததையும் இவள் பதிவை நான் அழித்ததையும் சொல்லி, தப்பு என்னுடையது, மிசினுடையது இல்லை என்றேன்.

"அன்னிக்கே சொன்னேனே டாக்டரே" என்றாள். அப்புறம், "அந்த இன்னொரு பொம்பள நல்லா கீறாளா?" என்று கேட்டாள்.

நன்றாக இருக்கிறாள் என்றேன். அவள் எழுந்து போனாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

படிவத்தைத் திருத்தினேன். கணவன் அல்லது தகப்பன் பெயர், வீட்டு அடையாளம், அட்டை எண் எல்லாம் சேர்த்தேன். எதையும் அழிக்குமுன் நோயாளியிடமே கேட்பது என்று வைத்துக்கொண்டோம். நர்ஸிடம் மன்னிப்புக் கேட்டேன். அட்டைகள் பரணிலிருந்து அலமாரிக்கு வந்தன. பிறகு பூந்தமல்லிப் பக்கத்து மருத்துவர்களுக்கு இதையெல்லாம் கற்றுக்கொடுக்க என்னைக் கூப்பிட்டார்கள். பல வருடம் போனேன். ஒவ்வொரு வகுப்பிலும் அந்தப் பெண்ணின் கதையைச் சொல்வேன். எனக்குத் தெரிந்த ஒரு டாக்டர் செய்த தவறு என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.