உசிலம்பட்டிக்கு நாற்பது கிலோமீட்டர்

மதுரை அரப்பாளையம் பேருந்து நிலையத்திலிருந்து உசிலம்பட்டிக்கு நாற்பது கிலோமீட்டர். கூட்டமில்லாத நாளில் ஒன்றேகால் மணி நேரத்தில் போய்விடலாம். நோன்புப் பெருநாளுக்கு என் தாய்வீட்டுக்குப் போய்விட்டு நானும் என் மாமியாரும் திரும்பிய அன்று இந்தத் தூரத்துக்கு ஏறக்குறைய ஒரு பகல் பிடித்தது.

காலை ஒன்பது மணிக்குக் கிளம்பினோம். எங்கள் வீடு காஜிமார் தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருக்கிறது. ஆட்டோ உள்ளே வராது என்பதால் தம்பி ரியாஸ் பைகளைத் தெருமுனை வரை தூக்கி வந்தான். ஆட்டோக்காரர் இருநூறு கேட்டு நூற்றைம்பதுக்கு இறங்கினார். துணிப்பை இரண்டு, ஊறுகாய்ப் பை ஒன்று, அம்மா செய்த தம்ரூட் இனிப்பு ஒரு டப்பா. கணவருக்கு உசிலம்பட்டியில் செருப்புக்கடை. கடை திறக்க வேண்டுமென்று முந்தின நாளே போய்விட்டார். அதனால் நாங்கள் இருவர் மட்டும்.

கணவரின் அம்மா மைமூன் பீவியை நான் மாமி என்று கூப்பிடுவேன். கல்யாணமாகி ஏழு வருஷத்தில் அவர் என் தாய்வீட்டில் பெருநாளுக்குத் தங்கியது இதுதான் முதல் தடவை. அதிகம் பேசமாட்டார். சர்க்கரை உண்டு, முழங்கால் வலி உண்டு. இரண்டைப் பற்றியும் வாய் திறக்கமாட்டார். மூன்று நாளும் எங்கள் வீட்டில் டீயை வேண்டாம் என்றார், பாயசத்தை ஒரு வாயோடு வைத்துவிட்டார். அம்மா அடுப்படியில் என்னிடம் முணுமுணுத்தார்: "ஒன் மாமியாளுக்கு நம்ம வீட்டுத் தண்ணிகூட ஆகாதாக்கும்." எனக்கும் அப்படித்தான் பட்டது. அந்த வருத்தத்தோடுதான் அவர் பக்கத்தில் ஆட்டோவில் உட்கார்ந்திருந்தேன்.

அரப்பாளையத்தில் இரண்டு அரசுப் பேருந்துகள் படிக்கட்டு வரை நிறைந்து போயின. மூன்றாவதாக வந்த தனியார் பேருந்தில் ஜன்னல் வழியாகப் பையை எறிந்து இடம் பிடித்தேன். ஆளுக்கு நாற்பது ரூபாய். பத்தரைக்கு வண்டி நகர்ந்தது. காளவாசல் சிக்னலில் பத்து நிமிஷம் போனது. நாகமலைப் புதுக்கோட்டை வந்தபோது இடது பக்கம் கீழக்குயில்குடி சமணர் மலை வெயிலில் வெளுத்துத் தெரிந்தது. தண்ணீர் பாட்டிலை மாமியிடம் நீட்டினேன். வேண்டாமென்று கையசைத்துவிட்டு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

செக்கானூரணி தாண்டிக் கொஞ்ச தூரத்தில் வண்டி நின்றது. ஊர்ப்பெயர் இங்கே வேண்டாம். முன்னால் லாரிகளும் பேருந்துகளும் வரிசையாக நின்றன. அதற்கும் முன்னால் தார்ச்சாலையில் பச்சையும் ஆரஞ்சுமாகக் காலிக் குடங்கள். பெண்கள் குடங்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார்கள். குடிதண்ணீர் கேட்டு மறியல்.

"எம்புட்டு நேரம் ஆகும்ணே?" என்று நடத்துநரிடம் கேட்டேன்.

"அதிகாரிக வரணும்ங்கிறாக. வந்தா கெளம்பும். எறங்கி நிக்கிறவங்க நிக்கலாம்."

முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். தகரக் கூரை காய்ந்து சூடு தலையில் இறங்கியது. நிலவரம் பார்த்துவிட்டு வருகிறேன் என்று மாமியிடம் சொல்லிவிட்டு முன்னால் நடந்தேன். திரும்பி வந்தபோது இருக்கையில் மாமி இல்லை. பைகள் இருந்தன.

"பின்வாசல் வழியா எறங்கிப் போனாக. எங்கேன்னு கேட்டேன், ஒண்ணுஞ் சொல்லல" என்றார் பக்கத்து இருக்கை அம்மா.

இடத்தை யாராவது பிடித்துவிடுவார்களே என்று கைப்பையை அங்கேயே வைத்துவிட்டு, பார்த்துக்கொள்ளுங்கள் என்று அவரிடம் சொல்லி இறங்கினேன். பணமும் போனும் அதற்குள்தான் இருந்தன. டீக்கடையில் பார்த்தேன். கருவேலம் புதர் ஓரமெல்லாம் "மாமி, மாமி" என்று கூப்பிட்டுக்கொண்டே போனேன். அந்தப் பொட்டலில் மாமி போர்த்தியிருந்த வெள்ளைத் துப்பட்டி கண்ணில் படாமல் போகாது. ஆனால் படவில்லை.

அப்போதுதான் ஹாரன்கள் ஒன்றாக அலறின. அதிகாரி வந்து, சாயந்திரத்துக்குள் லாரித் தண்ணீர் வரும் என்று சொல்லிவிட்டாராம். நான் எதிர்ப்பக்கம் இருந்தேன். நடுவில் லாரிகள் நிற்காமல் போய்க்கொண்டிருந்தன. அவற்றோடு எங்கள் பேருந்தும் போனது. கையை ஆட்டினேன், கத்தினேன். யாருக்கும் கேட்கவில்லை.

கையில் காசில்லை, போனில்லை. முதலில் கணவரிடம் என்ன சொல்வது என்றுதான் தோன்றியது. அடுத்த நொடி, சர்க்கரைக்காரர், இந்த வெயிலில் எங்கேயாவது மயங்கிக் கிடந்தால் என்று நினைத்ததும் மறுபடியும் புதர்ப் பக்கம் ஓடினேன்.

மறியலிலிருந்து எழுந்து போன பெண்களில் ஒருவர், ஐம்பது வயதிருக்கும், இடுப்பில் காலிக்குடத்தோடு என்னிடம் வந்தார். பெயர் பேச்சியம்மாள் என்று பிறகு சொன்னார்.

"யாரைத்தா தேடுற? வெள்ளைத் துப்பட்டி போட்ட அம்மாவையா?"

"ஆமாக்கா, பாத்தீங்களா?"

"எங்க வீட்டுக்குத்தான் கூட்டிட்டுப் போனேன். அவசரமா ஒதுங்கணும்னு கையப் பிடிச்சுக்கிட்டுக் கேட்டாக. வீட்டுல ஒரு கொடம் தண்ணி கெடந்துச்சு. எடுத்துக் குடுத்தேன்."

தண்ணீருக்காக ரோட்டில் உட்கார்ந்திருந்தவர் வீட்டின் கடைசிக் குடம். நான் அவர் இடுப்பிலிருந்த குடத்தைப் பார்த்ததைக் கவனித்துவிட்டார்.

"அதுக்காக இல்லேன்னா சொல்ல முடியும்? பொம்பளைக்குப் பொம்பள தெரியாதா. பாவம்த்தா அந்தம்மா. ஒங்க அம்மா வீட்டுல கக்கூஸ் மாடியில இருக்காம்ல. இந்தக் காலை வச்சுக்கிட்டு ஏறி எறங்க முடியாம, மூணு நாளா தண்ணியே சரியாக் குடிக்கலையாம்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையேக்கா."

"நானும் அதான் கேட்டேன். பெருநாளும் அதுவுமா மருமக சங்கடப்படும்னு சொல்லலையாம்."

எங்கள் வீட்டு மாடிப்படி செங்குத்தாக இருக்கும். கைப்பிடி ஒரு பக்கம்தான். சின்ன வயதிலிருந்து ஓடி ஏறியே பழகிய எனக்கு அது ஒரு படியாகவே தெரிந்ததில்லை. அம்மா முணுமுணுத்ததும் அதற்கு நான் பேசாமல் நின்றதும் மனசில் வந்து உறுத்தியது.

"இப்ப எங்க இருக்காங்க?"

"ஆரன் சத்தம் கேட்டதும் ஒங்க வண்டியிலயே ஏத்திவிட்டேன். நீ உள்ளதான் இருக்கேன்னு ரெண்டு பேரும் நெனச்சோம்."

அவர் போனை வாங்கிக் கணவரைக் கூப்பிட்டேன். தெரியாத எண் என்றால் எடுக்கமாட்டார். மூன்று தடவை அடித்தும் எடுக்கவில்லை. அதற்குள் உசிலம்பட்டி டவுன் பஸ் ஒன்று தூரத்தில் தெரிந்தது. பெண்களுக்குக் கட்டணமில்லாத பேருந்து. அங்கே நிறுத்தம் கிடையாது. பேச்சியம்மாள் குடத்தோடு சாலையில் இறங்கிக் கையை நீட்டினார். மறியல் மறுபடியும் ஆரம்பித்துவிட்டதோ என்று ஓட்டுநர் பிரேக் போட்டார்.

"ஏறுத்தா, ஏறு" என்று என்னைப் படியில் தள்ளிவிட்டார். நன்றி சொல்லக்கூட நேரமில்லை.

கருமாத்தூர் நிறுத்தத்தில் ஒரு வேப்பமரம் இருக்கிறது. அதன் அரை நிழலில், பைகளைச் சுற்றி வைத்துக்கொண்டு, என் கைப்பையை மடியில் கட்டிப்பிடித்தபடி மாமி உட்கார்ந்திருந்தார். நான் குதித்து இறங்கினேன்.

"எங்கம்மா போயிட்ட?" என்று என் கையைப் பிடித்தார்.

"உங்களைத்தான் தேடிப் போனேன் மாமி. நீங்க ஏன் எறங்குனீங்க? வண்டியிலயே போயிருந்தா இந்நேரம் வீட்டுல இருக்கலாம்ல."

"ஒன்னைய நடுரோட்டுல விட்டுட்டு நான் மட்டும் வீட்டுக்குப் போறதா? அப்பவே நிறுத்தச் சொன்னேன். கண்டக்டரு இங்கனதான் நிறுத்துனாரு. எறங்குற அவசரத்துல தம்ரூட் டப்பா வண்டியோட போயிருச்சும்மா. ஒங்கம்மா ஆசையாக் குடுத்து விட்டாங்க."

"போகட்டும் மாமி."

பையிலிருந்து பாட்டிலை எடுத்து நீட்டினேன். வழக்கம்போலக் கையசைக்கப் போனார்.

"குடிங்க. எதித்தாப்புல பெட்ரோல் பங்க் இருக்கு. அங்க கக்கூஸ் இருக்கான்னு கேட்டுட்டுத்தான் குடுக்குறேன்" என்றேன். உண்மையில் கேட்கவில்லை. இருக்கும் என்று ஒரு நம்பிக்கை.

என் முகத்தைப் பார்த்தார். பிறகு பாட்டிலை வாங்கி, நடுவில் மூச்சு வாங்கிக்கொண்டு, முழுவதையும் குடித்தார்.

அதன்பிறகு மூன்று பேருந்துகள் நிற்காமல் போயின. நான்காவது நின்றது, ஆனால் அவரால் கூட்டத்துக்குள் படியேற முடியவில்லை. கடைசியில் தேங்காய் ஏற்றிய ஒரு சரக்கு வேன்காரர் நூறு ரூபாய்க்கு ஒத்துக்கொண்டார். "அம்மா முன்னால ஒக்காரட்டும். நீங்க தேங்காயோட வாங்கக்கா" என்றார். மீதி இருபது கிலோமீட்டர் நான் தேங்காய்களின் மேல் வந்தேன். உசிலம்பட்டியில் இறங்கியபோது மாலைத் தொழுகைக்கான அஸர் பாங்கு ஒலித்துக்கொண்டிருந்தது.

"ஏன் இம்புட்டு நேரம்?" என்றார் கணவர். "தெரியாத நம்பர்ல இருந்து வேற மூணு கால். லோன் வேணுமான்னு கேப்பானுங்கன்னு எடுக்கல."

"வழியில மறியல்" என்றார் மாமி. அவ்வளவுதான் சொன்னார்.

பொழுது சாய்ந்து மஃரிப் தொழுகைக்குப் பிறகு அம்மா போனில் கூப்பிட்டார். போனை மாமியிடம் கொடுத்தேன். "ஒரு கொறையும் இல்ல சம்பந்தியம்மா. சொந்த வீடு மாதிரிதான் இருந்துச்சு" என்று மாமி சொல்லிக்கொண்டிருந்தார். அம்மா மறுமுனையில் குளிர்ந்துபோயிருப்பார். போன் கைக்கு வந்ததும் கொல்லைப்பக்கம் போய், தம்பியைக் கூப்பிடச் சொன்னேன்.

"ரியாஸ், கீழ மாடிப்படிக்கு அடியில பழைய சாமான் போட்டு வச்சிருக்கோம்ல, அதக் காலி பண்ணிட்டு ஒரு கக்கூஸ் கட்டணும். உக்காந்து எந்திரிக்கிற மாதிரி, கைப்பிடி வச்சு. பாதிச் செலவு நான் தாரேன்."

"என்னக்கா திடீர்னு? இத்தனை வருஷமா மாடிக்குத்தான போறோம்."

"அடுத்த பெருநாளைக்கு மாமி அங்கதான் வாராங்க" என்றேன். மாமியிடம் நான் இன்னும் கேட்டிருக்கவில்லை.