கம்மாயின் அடிமண்

எங்கள் ஊர்க் கம்மாய் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்ததை நான் ஒரே ஒரு கோடையில்தான் பார்த்தேன். எழுபதுகளின் நடுவில், மழை தொடர்ந்து ஏமாற்றிய வருஷங்களுக்குப் பிறகு வந்த கோடை அது. பரவையில் பஸ்ஸை விட்டு இறங்கி வயல் வழியே நடந்தால் எங்கள் ஊர் வந்துவிடும். நான் அப்போது மதுரையில் ஒரு மிஷன் பள்ளியில் ஆசிரியப் பயிற்சி படித்துக்கொண்டிருந்தேன். விடுதி வாசம். விடுமுறைக்கு வீட்டுக்கு வருவேன். வீட்டில் அப்பா, அண்ணன், மதினி மூன்று பேர். அம்மா நான் சிறுமியாக இருந்தபோதே இறந்துவிட்டாள்.

கம்மாய் வற்றினால் ஊருக்குத் துக்கம்தான் என்றாலும், அதில் ஒரு லாபமும் உண்டு. தண்ணீரோடு வந்து அடியில் படிந்திருக்கும் கறுப்பு வண்டலை வண்டியில் அள்ளிவந்து வயலில் பரப்பலாம். அடுத்த நெல் அடர்த்தியாக வரும். அந்தக் கோடையில் ஊரே கம்மாய்க்குள் இறங்கியது. எங்கள் வண்டி மட்டும் வீட்டில் நின்றது. ஒரு மாட்டுக்குக் கால் குளம்பில் புண். புண் ஆறி வண்டி பூட்டுவதற்குள் நல்ல வண்டல் எல்லாம் போய்விட்டது. நாங்கள் போனபோது கம்மாய் முழுவதும் பள்ளங்கள்தான் கிடந்தன.

அப்பா ஒரு பள்ளத்துக்குள் இறங்கிப் பார்த்தார். “மேல கிடந்ததைத்தான் அள்ளிருக்காய்ங்க. கீழ போ” என்றார்.

அண்ணன் தோண்டினான். முழங்கால் ஆழத்துக்குக் கீழே மண்ணின் நிறம் மாறியது. சாம்பல் நிறம். எலும்புத் துண்டு போல வெள்ளை வெள்ளையாகச் சுண்ணாம்புச் சுக்கான் கற்கள் மண்வெட்டியில் இடறின. நான் கஞ்சித் தூக்கோடு கரைச் சரிவில் நின்றுகொண்டிருந்தேன்.

“அப்பா, இது வண்டல் மாதிரி தெரியலயே. நெறமே வேறயா இருக்கு” என்றான் அண்ணன்.

“கம்மாய்க்குள்ள கிடக்குறது அம்புட்டும் வண்டல்தான். பேசாம வெட்டு.”

அண்ணன் வெட்டினான். அப்பா சொன்னதை அவன் எதிர்த்துப் பேசி நான் கேட்டதே இல்லை. மதினி கூடையில் அள்ளி வண்டியில் கொட்டினாள். சாயங்காலம் அவள் உள்ளங்கையில் தோல் வெடித்திருந்தது. “இந்த மண்ணு கையைத் திங்குது” என்று எண்ணெய் தடவிக்கொண்டாள். அந்தக் கோடை முடியும்வரை வண்டி போய்ப் போய் வந்தது. வீட்டுக்குப் பக்கத்திலிருந்த பெரிய வயல் முழுவதும் சாம்பல் நிறமாயிற்று.

மழை வந்தது. கம்மாய் நிறைந்தது. நாற்று நட்டார்கள். அடுத்த முறை நான் போனபோது பயிரின் நுனி தீய்ந்திருந்தது. வயலில் நின்ற தண்ணீர் உள்ளே இறங்கவே இல்லை. அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி கலங்கலாக அப்படியே நின்றது. தண்ணீரை வடித்துவிட்ட பிறகு வெயில் ஏற ஏற, வரப்போரத்தில் மாவு தூவியது போல வெள்ளை பூத்தது. பக்கத்து வயல்களில் நெல் கரும்பச்சையாக நின்றது.

விவசாய ஆபீஸிலிருந்து ஒருவர் வந்து மண்ணை ஒரு பையில் எடுத்துப்போனார். திரும்பி வந்து அப்பாவிடம், “தண்ணி காலங்காலமா கொண்டுவந்த உப்பு கம்மாய்க்கு அடியில இறங்கித் தங்கிருக்கு. அதை நீங்களே தோண்டி வயல்ல போட்டுட்டீங்க” என்றார். ஜிப்சம் போட்டு, நல்ல தண்ணீர் கட்டி வடித்துக்கொண்டே இருக்க வேண்டும், தேற வருஷக்கணக்காகும் என்றார். அப்பா அவருக்கு மோர் கொடுத்து அனுப்பினார். அப்பாவின் முகத்தில் எதுவும் தெரியவில்லை.

அந்த வாரமே டீக்கடையில் அப்பா சொல்லியிருக்கிறார்: “நான் பக்கத்துல இல்லாதப்ப பய அடிமண்ணை வெட்டிட்டு வந்துட்டான். வயலே போச்சு.” அண்ணன் அங்கேதான் பெஞ்சில் உட்கார்ந்திருந்தானாம். கிளாஸை வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டான். மதினிதான் எனக்குச் சொன்னாள். சொல்லும்போது அவள் அழவில்லை. அடுப்பில் விறகை மட்டும் தள்ளித் தள்ளி வைத்துக்கொண்டிருந்தாள்.

ராத்திரிச் சாப்பாட்டில் நான் கேட்டுவிட்டேன். “கீழ வெட்டுன்னு நீங்கதானப்பா சொன்னீங்க? நான் அங்கதான நின்னேன்?”

அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். அண்ணன்தான் என்னைப் பார்த்து, “நீ படிக்கிற வேலையைப் பாரு” என்றான்.

தை பிறந்ததும் அண்ணன் மதுரையில், சிம்மக்கல்லில் ஒரு வெங்காய மண்டியில் வேலைக்குச் சேர்ந்தான். கொஞ்ச நாளில் மதினியையும் அழைத்துக்கொண்டு போய்விட்டான். அப்பா தனியாளாக அந்த வயலைச் சுரண்டத் தொடங்கினார். வெள்ளை பூத்த மண்ணை மண்வெட்டியால் வழித்துக் கூடையில் எடுத்து வரப்புக்கு வெளியே கொட்டுவார். ஒரு மழை பெய்தால் அதில் பாதி கரைந்து மறுபடியும் வயலுக்கே வந்துவிடும். “ஆள் வச்சாவது செய்யலாமேப்பா” என்று ஒருமுறை சொன்னேன். “நான் பார்த்துக்கிறேன்” என்றார். அவர் கையும் மதினியின் கை மாதிரியே வெடித்திருந்தது.

ஒருநாள் நான் விடுதிக்குக் கிளம்பும்போது, “நானும் வாரேன்” என்று சட்டையை மாட்டிக்கொண்டார். சிம்மக்கல்லில் இறங்கி நேராக மண்டிக்குப் போனோம். அண்ணன் மூட்டைகளுக்கு நடுவே நின்றிருந்தான். உடம்பெல்லாம் வெங்காயத் தோல். அப்பாவைப் பார்த்ததும் ஒரு மூட்டையைத் துண்டால் தட்டிவிட்டு, “உட்காருங்கப்பா” என்றான். டீ வாங்கி வந்தான். அப்பா குடித்தார். தெருவில் போகிற வண்டிகளைப் பார்த்தார்.

“மாடெல்லாம் எப்படி இருக்கு?” என்றான் அண்ணன்.

“இருக்கு.”

அண்ணன் ஒரு மூட்டையைத் தூக்கக் குனிந்தான். அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டார். இப்போது சொல்லிவிடுவார் என்று நான் நினைத்தேன். அண்ணனும் அப்படித்தான் நினைத்திருப்பான். தூக்கப் போன மூட்டையை விட்டுவிட்டு நிமிர்ந்து நின்றான். அப்பா டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

“சரி, போறேன்” என்று எழுந்துவிட்டார்.

நான் அவரை ஊர் பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். பஸ் கிளம்பும்போது, ஜன்னலோரம் உட்கார்ந்து தலையைக் கம்பியில் சாய்த்துக்கொண்டதைப் பார்த்தேன். அப்படி ஒரு சோர்வை அவரிடம் அதற்குமுன் நான் பார்த்ததில்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில் அப்பா காய்ச்சலில் படுத்தார். சேதி போய் அண்ணன் வருவதற்குள் உயிர் போய்விட்டது. காரியம் முடிந்த மறுநாள் காலையில் உறவுக்காரர்கள் அண்ணனைச் சூழ்ந்துகொண்டு, இனி ஊரிலேயே இருந்து விவசாயத்தைப் பார்க்கச் சொன்னார்கள். அவன் எழுந்து வயலுக்கு நடந்தான். நான் பின்னால் போனேன்.

வயலின் ஒரு மூலையில் புல் முளைத்திருந்தது. அப்பா வழித்து வழித்து அந்தப் பக்கம் மட்டும் பள்ளமாகியிருந்தது. அண்ணன் அங்கே குந்தி உட்கார்ந்தான்.

“ஏண்ணே, அன்னைக்கு டீக்கடையிலேயே நீ சொல்லிருக்கலாம்ல?” என்றேன்.

“சொன்னா அவரு அப்புறம் ஊருக்குள்ள எப்படி நடப்பாரு?” என்றான். புல்லைத் தடவிக்கொண்டே, “எங்கிட்டயாவது ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம்” என்றான்.

ஒரு சிட்டிகை மண்ணை எடுத்து நாக்கில் வைத்தான்.

“இன்னும் கரிக்குது” என்று துப்பிவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டு எழுந்தான். மத்தியான பஸ்ஸுக்கே மதினியோடு கிளம்பிவிட்டான்.