சந்தனம் வைத்த நாய்க்குட்டி

ஆந்திர எல்லையில், நகரியில் எங்கள் தெருவில் பவர்லூமை நிறுத்தச் சொல்ல யாருக்கும் துணிவு வராது. ஆனால் பக்கத்து வீட்டு உமாபதி தினமும் காலை எட்டு மணிக்கு இரண்டு தறியையும் தானாகவே நிறுத்திவிடுவான். எல்லாம் ஒரு பொம்மை நாய்க்காக. நாய்க்குச் சேவகம் செய்கிறான் என்று அவனை நானே கிண்டல் செய்திருக்கிறேன். இப்போது நினைத்தால் என் வாயிலேயே போட்டுக்கொள்ளத் தோன்றுகிறது.

அவன் மனைவி தேன்மொழி இரண்டாயிரத்து இரண்டில் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனாள். மகள் ரோஹிணிக்கு அப்போது ஐந்து வயது. அடுத்த வருஷம், அங்கேயே வேலை பார்த்த பிச்சாட்டூர் கங்கம்மாள் லீவில் வந்தபோது, தேன்மொழி கொடுத்தனுப்பியதாக அந்த நாய்க்குட்டியைக் கொண்டுவந்தாள். வெள்ளைப் பிளாஸ்டிக், பூனைக்குட்டி அளவு. கை தட்டினால் நடக்கும், வாலாட்டும். முதலாளி வீட்டுக் குழந்தை காதை உடைத்துத் தூக்கிப்போட்டதாம். அதன் வயிற்றில் இரண்டு பொத்தான்கள் இருந்தன. பச்சையை அழுத்தினால் தேன்மொழி பேசுவாள்.

"ரோஹிணி, துன்னியாடி? தலை வாரிக்கினியா? நைனா சொல்றத கேளு."

அவ்வளவுதான். சிவப்பை அழுத்திவிட்டால் அது அழிந்து வேறு பேச்சு பதிவாகிவிடும் என்று கங்கம்மாள் பத்து தரம் சொன்னாள். உமாபதி அன்றைக்கே சிவப்புப் பொத்தான்மேல் பிளாஸ்திரி ஒட்டிவிட்டான்.

எங்கள் வீடுகளில் காற்றே பஞ்சுத்தூசிதான். அது நாயின் காலிடுக்கில் புகுந்துவிடும். அதனால் தறியை நிறுத்தி, தூசி அடங்கும்வரை காத்திருந்து, அப்புறம்தான் சுற்றிவைத்த துணியைப் பிரித்து நாயை வெளியே எடுப்பார்கள். பழைய டூத்பிரஷ்ஷால் எப்படித் துடைக்க வேண்டும் என்று உமாபதி மகளுக்குக் காட்டிக்கொடுத்தான். "மெதுவா, மெதுவா. காதுகிட்ட போவாத" என்று அவள் விரலைப் பிடித்துக்கொண்டே சொல்வான். துடைத்து முடித்ததும் பச்சையை அழுத்துவாள். "துன்ட்டேம்மா" என்று நாய்க்குப் பதில் சொல்லிவிட்டுத்தான் பள்ளிக்கூடம் போவாள்.

வெள்ளிக்கிழமை தோறும் தெருமுனை எஸ்.டி.டி. பூத்துக்குத் தேன்மொழியின் போன் வரும். இரண்டாயிரத்து நாலு உகாதிக்குப் பிறகு அது வரவில்லை. உமாபதி, அவளை அனுப்பிவைத்த ஏஜென்டிடம் திருப்பதிக்குப் போனான். "இல்லு மார்ச்சுண்டாரு, ஒக்க வாரம் ஆகு" என்றான் அந்தப் படுபாவி. வீடு மாற்றியிருப்பார்கள், ஒரு வாரம் பொறு என்று ஆறு மாசம் சொன்னான். குவைத்துக்குத் திரும்பிப்போன கங்கம்மாளும், அந்த வீட்டில் இப்போது வேறு ஆட்கள் இருக்கிறார்கள் என்று போனில் அழுதாள். உமாபதி நாயை இன்னும் கவனமாகத் துடைத்தான்.

அந்த வருஷம் ஆயுத பூஜை வந்தது. தறிகளைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, பூ சாத்தினோம். நான் சுண்டலோடு அவன் வீட்டில் நின்றிருந்தேன். ரோஹிணி நாயைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"இதுவும் மிசினுதானே நைனா? இதுக்கு மட்டும் வெக்கலன்னா கோவிச்சுக்காதா?"

உமாபதி என்னைப் பார்த்தான். "வைடா, கொழந்த கேக்குது இல்ல" என்றேன். நான்தான் சொன்னேன். அவன் சந்தனத்தை நீர் விட்டுக் குழைத்து, நாயின் நெற்றியில், வயிற்றில், பின்னங்காலில் என்று தறிக்கு வைப்பது போலவே தாராளமாக வைத்தான். மஞ்சள் தண்ணீரும் தெளித்தான். பூஜைக்கு வைத்த மிஷினை அன்றைக்கு ஓட்டக்கூடாது. அதனால் நாயையும் தறி பக்கத்திலேயே படுக்க வைத்து, "இன்னிக்கு உனக்கும் லீவு" என்றாள் ரோஹிணி. நாள் முழுக்க அந்த ஈரம் உள்ளே இறங்கிக்கொண்டிருந்ததை ஒருவரும் யோசிக்கவில்லை.

மறுநாள் காலை பச்சையை அழுத்தினாள். "ரோஹிணி, து..." என்று வந்து, கரகரத்து, நின்றுவிட்டது. உமாபதி வெயிலில் வைத்தான். ஊதினான். பிறகு ஸ்க்ரூவைக் கழற்றினான். உள்ளே சந்தனம் சேறு போலக் காய்ந்திருந்தது. அவன் அழுததை அன்றுதான் பார்த்தேன்.

பஜாரில் ரேடியோ ரிப்பேர் பார்க்கும் பிரபாகர், மெட்ராஸிலிருந்து பார்ட் வரவேண்டும் என்றான். வந்து சேர அடுத்த உகாதி ஆகிவிட்டது. அதற்குள் திருப்பதியில் ஏஜென்ட் ஆபீஸ் இருந்த இடத்தில் ஜெராக்ஸ் கடை வந்துவிட்டது.

"நாய் நடக்கும், பேச்சும் பதியும். உள்ள இருந்த பழைய பேச்சு மட்டும் போச்சுண்ணே" என்றான் பிரபாகர்.

நாய் நடந்தது. வாலாட்டியது. ரோஹிணி கை தட்டவில்லை.

"நைனா, அம்மா சொன்னத நீ சொல்லு" என்றாள்.

உமாபதி தறியை நிறுத்திவிட்டு, பிளாஸ்திரியைப் பிய்த்து, சிவப்பை அழுத்தினான். குரலை மெலிதாக்கிக்கொண்டு சொன்னான். "ரோஹிணி, துன்னியாடி? தலை வாரிக்கினியா?" மூன்றாவது வாக்கியம் அவனுக்கு வரவில்லை.

அவள் பச்சையை அழுத்திக் கேட்டாள். தலையை ஆட்டினாள்.

"அம்மா கொரலு இப்டி இல்ல."

"எப்டி இருக்கும்மா? சொல்லு, அதே மாதிரி பேசறேன்."

வாயைத் திறந்தாள். முயன்று பார்த்தாள். நாயைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள், வாசலில் நின்ற என்னையும் பார்த்தாள்.

"தெரியல நைனா" என்றாள்.

உமாபதி எழுந்து போய்த் தறியை ஓட்டினான். நாய் வெளியேதான் கிடந்தது. அதைத் துணியில் சுற்றி வைக்க இருவருக்கும் தோன்றவில்லை.