ஓபன் கிச்சனில் நான் தொங்கவிட்ட திரை

ஸ்ரீரங்கத்தில் எங்கள் ஃப்ளாட்டின் சமையலறைச் சுவரை எடுத்துவிட்டு, அடுப்பு ஹாலைப் பார்த்தாற்போல் ஓபன் கிச்சன் ஆக்கினாள் என் மருமகள். "நாலு வருஷத்துல இந்த ஃபேஷன் போயிடும். அப்புறம் திரும்பச் சுவர் எழுப்புவியா?" என்றேன். "அப்போ பார்த்துக்கலாம்மா" என்று சிரித்தாள்.

எனக்கு வேறொரு சங்கடமும் இருந்தது. பெருமாளுக்கு அமுது செய்விக்கும் முன் தளிகையை, அதாவது சமைத்த உணவை, வெளியார் யாரும் பார்க்கக் கூடாது என்பது எங்கள் வழக்கம். அதனால் அடுப்பை ஒட்டி ஒரு பருத்தித் திரையைத் தொங்கவிட்டேன். "அடுப்புக்கு ரொம்பக் கிட்டக்க இருக்கும்மா" என்றாள். நான் கேட்கவில்லை.

ஆடி மாதம். பால்கனிக் கதவு திறந்திருந்தது. அடுப்பில் சாத்தமுது என்று நாங்கள் சொல்லும் ரசம் கொதிக்க, நான் திரும்பி நின்று சிங்க்கில் கொத்தமல்லி அலம்பிக்கொண்டிருந்தேன். காற்றில் பறந்த திரை தீப்பற்றியது எனக்குத் தெரியவே இல்லை. ஹாலில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தவள் ஓடி வந்து கேஸை அணைத்தாள். "நகருங்கோம்மா" என்றபடி இடுக்கியால் திரையை இழுத்து சிங்க்கில் போட்டுக் குழாயைத் திறந்தாள். 'முன்னாடியே சொன்னேனே' என்று இன்றுவரை ஒரு வார்த்தை சொல்லிக்காட்டவில்லை.

இப்போது பாத்திரங்களை மூடியே வைக்கிறேன். திரை, பெருமாள் அலமாரிக்கு மட்டும். அடுப்பின் முன் நின்றால் ஹாலில் அவள் தெரிகிறாள். இந்த ஃபேஷன் பழசானால் ஆகட்டும், அங்கே சுவர் எழுப்ப நான் விடமாட்டேன்.