மழை மணிக்கு நூத்தி நாப்பது ‘கட்டாயம்லா’

சிலுவைராஜ் வேலைய விட்ட சேதி அவர் பொண்டாட்டி உர்சுலாவுக்குத் தெரியறதுக்கு முன்னாடியே, கோயில் கேண்டீன்ல வடை சுடுற அம்மாவுக்குத் தெரிஞ்சு போச்சு. வேற யாரும் வத்தி வைக்கல. மனுசன் அவரே ஞாயித்துக்கிழமை தமிழ்ப் பூசை முடிஞ்சு கோப்பி வாங்குற வரிசையில நின்னு, “இனிமே நான் ஃபவுண்டர்”னு சொல்லிட்டார். வடைக்கார அம்மா என்னமோ ஃபாதர் மாதிரி பெரிய பட்டம்னு நெனச்சுக்கிட்டு ரெண்டு வடை சேத்து வெச்சாங்க.

சிங்கப்பூர் செம்பவாங் கப்பல் பட்டறையில இருபத்தேழு வருசம் எலக்ட்ரீசியன். அம்பத்தி மூணு வயசுல ஒரு யூனிவர்சிட்டி நடத்துன மூணு மாச கோர்ஸுக்குப் போனார். போன இடத்துல அவர் செஞ்சு காட்டுன சாமானம் அவங்களுக்குப் புடிச்சுப் போச்சு. சோப்பு டப்பா அளவுதான் இருக்கும். ஜன்னலுக்கு வெளிய துணி காயப்போடுற மூங்கில் கம்புல அத மாட்டிட்டா, முதல் துளி விழுந்ததும் நம்ம போன் அடிக்கும். ‘மழை மணி’ன்னு பேரு வெச்சார். யூனிவர்சிட்டிக்காரங்க அவர அவங்க இன்குபேட்டர்ல சேத்துக்கிட்டாங்க. பதினெட்டு மாசத்துக்கு ஒரு மேசை, ஏர்கான், ஓசி கோப்பி, ஆலோசன சொல்ல ஆளு, கழுத்துல தொங்கவிட ஒரு பாஸ். அந்தப் பாஸ கழட்டாமத்தான் தேக்கா மார்க்கெட்ல மீனு வாங்குவார்.

“இன்குபேட்டரா? கொறமாசப் புள்ளைய வைப்பாங்களே, அந்தப் பொட்டியா?” உர்சுலா கேட்டா.

“அதேதான் உர்சு. சின்ன கம்பெனிய கதகதப்பா வெச்சு வளத்து விடுவாங்க.”

“வெளிய எடுத்தப்புறம் மூச்சு விடுமா?”

சிலுவைராஜ் கழுத்துல இருந்த பாஸ நேரா இழுத்து விட்டுக்கிட்டார்.

இன்குபேட்டர பாத்துக்கிறது சிவானின்னு ஒரு பொண்ணு. முப்பதுகூட இருக்காது, ஆனா கண்டிப்பு. “அங்கிள், நெறய செஞ்சு குவிக்காதீங்க. மொதல்ல நூறு பேர்கிட்ட வாங்குவாங்களான்னு கேளுங்க”ன்னு வீட்டுப்பாடம் குடுத்துச்சு. மத்தவங்க நூறு பேரத் தேடி மால் மாலா அலைஞ்சாங்க. சிலுவைராஜ் ரெண்டே ஞாயித்துக்கிழமையில நூத்தி நாப்பது பேர புடிச்சுட்டார். எல்லாம் கோயில் கேண்டீன்லதான். நூத்தி நாப்பது பேரும், நம்மூரு ‘லா’வ ஒட்டி, சொன்னது ஒண்ணுதான்: “கட்டாயம்லா அண்ணே!” பாடற்குழு ஆர்னால்ட் ஒருபடி மேல போய், “எனக்கு ரெண்டு எழுதிக்குங்கண்ணே”ன்னான்.

அந்தக் கேண்டீன்ல யாரும் யார் மூஞ்சிக்கு நேராவும் மாட்டேன்னு சொன்னதா சரித்திரமே கெடையாது. திருவிழா லாட்டரி டிக்கட்டா, கட்டாயம்லா. மருமகன் ஆரம்பிச்ச டியூசன் சென்டரா, கட்டாயம்லா. சொல்லிட்டு அடுத்த வாரம் பின்கேட்டு வழியா நழுவிருவாங்க. ஏன், ஆர்னால்ட் இன்சூரன்ஸ் ஏஜென்ட்டு. அவன்கிட்ட சிலுவைராஜே ஆறு வருசமா “கட்டாயம்பா, அடுத்த மாசம்”னு சொல்லிட்டுத்தான் இருக்கார். அதெல்லாம் மறந்து போச்சு பாருங்க, ஃபவுண்டர் ஆனதும்.

இன்குபேட்டர்ல கைதட்டல். நூத்தி நாப்பதுன்னு திரையில பச்சையா ஒரு கோடு, தென்ன மரம் உசரத்துக்கு. சிலுவைராஜ் அத போட்டோ புடிச்சு ஜொகூர்ல இருக்கிற மச்சான் வரைக்கும் அனுப்பி வெச்சார்.

அங்க மொத்தம் பதினோரு கம்பெனி. பக்கத்து மேசை ஹனீபா தம்பி, மீட்டிங் ரூம் புக் பண்ற ஆப் செஞ்சுருந்தான். யார் வாங்குறாங்கன்னு சிலுவைராஜ் விசாரிச்சார்.

“பத்து கம்பெனி அங்கிள்!”

“எந்தப் பத்து?”

ஹனீபா கண்ணாலயே அந்த ஹால ஒரு சுத்து சுத்திக் காட்டுனான். நம்மாளும் அந்தப் பத்துல ஒருத்தர்தான். இவன் ஆப்ப அவன் வாங்குவான், அவன் சாப்பாட்டு டப்பாவ இவன் வாங்குவான். கல்யாண வீட்டுல சொந்தக்காரங்களே மாத்தி மாத்தி மொய் வெச்சுக்கிற மாதிரி. மாசக்கெடு முடிஞ்சு ரெண்டு கம்பெனி வெளிய போச்சு. நாலு மாசத்துல ரெண்டும் கடைய மூடிருச்சு, ஹனீபாவுக்கு ரெண்டு வாடிக்க போச்சு. ஆனா செவுத்துல ‘வெற்றிகரமா வெளியேறியவங்க’ன்ற போர்டுல அவங்க இன்னும் பல்லக் காட்டிட்டுத்தான் நிக்கிறாங்க.

மழை மணி ரெடியாச்சு. சிலுவைராஜ் ஒரு பை நெறய எடுத்துட்டு கேண்டீனுக்குப் போனார். பின்கேட்டுல அன்னிக்குக் கூட்டம்னா கூட்டம்! ஆர்னால்ட் மட்டும் படியில மாட்டிக்கிட்டான்.

“அடுத்த மாசம்லா அண்ணே. எங்க அடுக்குமாடி புளோக்குல பெயின்ட் அடிக்கிறாங்க, துணியே காயப்போடறதில்ல.”

மூணு மாசம் ஆச்சு. எந்தப் புளோக்குக்கும் அவ்வளவு பெயின்ட் தேவப்படாது.

சிவானி கூப்பிட்டு உக்கார வெச்சுச்சு. “அங்கிள், ஆறு வாரத்துல ரிவ்யூ. காசு குடுத்து வாங்குன இருபது பேராவது வேணும். இல்லன்னா இந்த மேசை அடுத்த டீமுக்குப் போயிரும்.”

சிலுவைராஜ் கணக்குப் போட்டுப் பாத்தார். மேசை போனா பாஸ் போகும். பாஸ் இல்லாத கழுத்தோட அந்தக் கேண்டீன் வரிசையில எப்படிப் போய் நிக்கிறது? பட்டறையில திரும்ப எடுப்பாங்களா? அந்த வயசும் தாண்டிப் போச்சு.

வீட்டுக்கு வந்தா உர்சுலா துணி மடிச்சுட்டு இருக்கா.

“நூத்தி நாப்பது பேர்ல ஒருத்தராவது வேணாம்னு சொல்லியிருக்கலாமே உர்சு!”

“என்னைக் கேட்டீங்களா?”

“நீ வீட்டு ஆளு. உன்ன எதுக்கு கேக்கணும்?”

“நான் வேணாம்னு சொல்லியிருப்பேன்ல? வீட்டுல இருந்தா மழ சத்தம் காதுல விழுது. வேலையில இருந்தா மணி அடிச்சு நான் என்ன பறந்தா வரப்போறேன்?”

மனுசன் சோபாவுல பொத்துன்னு உக்காந்துட்டார். ஒரு வருசத்துக்கு மேல அலைஞ்சதுல காதுல விழுந்த முதல் உண்மையான பதில்.

உர்சுலா விடல. “எங்க ஹோமுக்கு வேணும். அத யாராவது கேட்டீங்களா?”

அவ சிராங்கூன் பக்கம் ஒரு முதியோர் இல்லத்துல துணி துவைக்கிற பகுதிய பாத்துக்கிறவ. நாப்பது கட்டில் விரிப்பும் மொட்ட மாடியில காயும், ஆளுங்க எல்லாம் கீழ் மாடியில. லிப்ட் புடிச்சு மேல போறதுக்குள்ள விரிப்பெல்லாம் சொதசொதன்னு ஆகிரும். திரும்ப நாப்பதையும் துவைக்கணும்.

மறுநாள் அந்த ஹோமோட மேட்ரன் பூரணத்துக்கு முன்னாடி மழை மணி போய் உக்காந்துச்சு. அந்தம்மா அத எலிப்பொறி மாதிரி தூக்கிப் பாத்தாங்க. “மிஸ்டர் சிலுவைராஜ், டூட்டியில எங்கட ஸ்டாப் போனெல்லாம் லாக்கருக்குள்ள. உங்கட மணி லாக்கருக்குள்ள அடிச்சா யாருக்குக் கேக்கும்?”

சிலுவைராஜுக்குப் பட்டறை ஞாபகம் வந்துச்சு. சாப்பாட்டு நேரத்துக்கு ஊதுவாங்களே, அந்த மாதிரி ஒரு ஊதல் வெச்சார். மொத தடவ அடிச்சதும் ரெண்டு தாத்தா தட்டத் தூக்கிட்டு சாப்பாட்டு வரிசைக்குப் போயிட்டாங்க. அப்புறம் சத்தத்தக் கொறச்சார். “பரிசோதிச்ச சான்றிதழ் இல்லாம கரண்ட்டுச் சாமான் வைக்கேலாது”ன்னு மேட்ரன் அடுத்த குண்டப் போட்டாங்க. அங்கதான் சிவானி கை குடுத்துச்சு. யூனிவர்சிட்டி லேப்ல சொல்லி, ஒரே வாரத்துல சோதிச்சு தாள் வாங்கிக் குடுத்துருச்சு. வெளிய இதுக்கு சிலுவைராஜ் நாயா அலைஞ்சிருக்கணும். ஓசி கோப்பிய விட அதுதான் உருப்படியான உதவி.

கேக்குற வேலைய மட்டும் உர்சுலா வாங்கிக்கிட்டா. மத்த இல்லங்கள்ல துணி துவைக்கிறவங்க எல்லாம் அவளுக்குப் பழக்கம். “வாங்குவீங்களா, மாட்டீங்களா? லா போட்டு இழுக்காதீங்க.” முப்பத்தோரு இடத்துல கேட்டா. இருபத்திரெண்டு பேர் மாட்டேன். மேட்ரன் பூரணத்தையும் சேத்து ஒம்போது பேர் வாங்கியே போட்டாங்க.

ரிவ்யூ அன்னிக்கு அந்தப் பழைய பச்சக் கோடு திரையில வந்துச்சு. சிலுவைராஜ் எந்திரிச்சு, “அது பொய் இல்லைங்க, மரியாத. எங்க கோயில்ல அப்படித்தான் பேசுவோம்”னார். “காசு குடுத்து வாங்குனது ஒம்போது.”

பின்னாடி ஹனீபா பேனாவ எடுத்து, தன் ஆப்ப வாங்குன கம்பெனி பேரையெல்லாம் எழுதி, ஒண்ணு ஒண்ணா அடிக்க ஆரம்பிச்சான்.

ஒம்போது இருபது ஆகாது. மேசை போச்சு, பாஸும் போச்சு. அடுத்த வாரமே போர்டுல சிலுவைராஜ் போட்டோ ஏறிருச்சு, ‘வெற்றிகரமா வெளியேறியவங்க’ பக்கத்துல. இப்ப அவரு ஆபீஸு சாப்பாட்டு மேசதான். வாரத்துக்கு ரெண்டு நாள் எங்கயாவது மொட்ட மாடியில நிக்கிறார். சாமான் இதுவரைக்கும் மூச்சு விட்டுட்டுத்தான் இருக்கு.

போன ஞாயிறு வெறுங்கழுத்தோட கேண்டீன் வரிசையில நின்னார். ஆர்னால்ட் பக்கத்துல வந்தான்.

“அண்ணே, அந்த பாலிசி…”

“கட்டா…”ன்னு வாயத் தொறந்தார். பக்கத்துல உர்சுலா கோப்பிய ஊதறத நிறுத்திட்டா.

“எனக்கு வேணாம்பா ஆர்னால்ட். ஆறு வருசமாவே வேணாம்.”

வடைக்கார அம்மா கரண்டியோட அப்படியே நின்னுட்டாங்க. ஆர்னால்ட் மூஞ்சி கொஞ்ச நேரம் கறுத்துச்சு. அப்புறம் பெரிய மூச்சு ஒண்ணு விட்டான்.

“அப்ப எனக்கும் அந்த ரெண்டு மணி வேணாம்ணே. இனிமே முன்கேட்டு வழியாவே வரலாம்ல?”