யாருமே இல்லாத வட்டாரம்

மின்கட்டண ரசீதைத் தேடி எடுத்துவரும்படி அந்த வீட்டு அம்மாவை உள்ளே அனுப்பிவிட்டு, அக்கா டேப்லெட்டை மகனிடம் நீட்டினார். கணக்கெடுப்புக்கு ரசீது எதற்கும் ஆகாது. ஆனால் எந்த வீட்டிலும் அது சட்டென்று கிடைக்காது. அக்காவுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

"இந்தக் கேள்வியை நீங்களே படிச்சு நீங்களே தொட்டுடுங்க தம்பி. இஷ்டம் இல்லன்னா விட்டுடலாம். பேர் வெளியில போகாது. அதுவரைக்கும் நான் உங்க செருப்பு ஸ்டாண்டைப் பாத்துக்கிட்டு இருக்கேன்."

சொன்னபடியே முதுகைக் காட்டி நின்று, விலைபேச வந்தவர் போலச் செருப்புகளை ஆராய்ந்தார். தாடி வைத்த, வேலைக்குப் போகும் மகன் அவர். சற்றுமுன் அவருக்கும் சேர்த்து அம்மாவே பதில் சொல்லிக்கொண்டிருந்தார்: "அவனுக்கு அதெல்லாம் ஒண்ணுமில்ல, சரியாத்தான் இருக்கான்."

"சரியா தப்பான்னு அரசாங்கம் கேக்கலம்மா. யாருன்னுதான் கேக்குது" என்றிருந்தார் அக்கா.

நானும் அக்காவும் புள்ளியியல் அலுவலகத்தில் ஜோடியாக வீடு ஏறுபவர்கள். மாடிப்படியில் எனக்கு மூச்சு வாங்கும். அவருக்கு வாய் ஓயாது. நாய் குரைத்தால், "இரு, உன்னையும் சேத்துக்கிறேன்" என்பார். எந்தக் கூட்டத்துக்குள் நுழைந்தாலும் வந்தவர்களைக் கண்டுகொள்ளமாட்டார். யார் வரவில்லை என்பதைத்தான் முதலில் சொல்வார். அவரைப் பற்றி இப்படி எழுதப்போவதாகச் சொன்னபோது, "எழுதிக்கோ. மூக்கு பெரிசுன்னு மட்டும் எழுதாதே" என்றார். எழுதவில்லை.

பாலினம், பாலீர்ப்பு பற்றிய கேள்வி இந்த முறைதான் புதிதாகச் சேர்ந்தது. எங்கள் அலுவலகத்தில் பாதிப்பேர் அதை வாயால் கேட்பதே இல்லை. 'சங்கோஜம்' என்று நாங்கள் அழைக்கும் சக ஊழியர் அதில் மன்னன். வாசலில் நிற்கும்போதே 'பதில் இல்லை' என்று போட்டுவிடுவார்.

இதற்கிடையே, வீட்டைவிட்டு விரட்டப்பட்ட திருநர்களுக்கும் தன்பால் ஈர்ப்பாளர்களுக்கும் ஒரு தங்குமிடம் வேண்டும் என்று சுகாதாரத் துறை கேட்டிருந்தது. 'இவ்வட்டாரத்தில் அத்தகையோர் இருப்பதாகப் புள்ளிவிவரம் இல்லை' என்று எங்கள் கணக்கைக் காட்டி அந்தக் கோப்பைத் திருப்பிவிட்டார்கள். அக்கா அந்த வரியைக் கேன்டீனில் செய்தி வாசிப்பவர் குரலில் வாசித்தார். எல்லோரும் சிரித்து முடித்ததும் கேட்டார்: "கேக்கவே இல்ல, இல்லன்னு எப்படிடா கண்டுபிடிச்சீங்க? மோப்பம் பிடிச்சா?"

ஊழியர் வீட்டை இன்னொரு ஊழியர்தான் கணக்கெடுக்க வேண்டும் என்பது விதி. தன் வீட்டுக்குச் சங்கோஜத்தையே அனுப்பும்படி மேலதிகாரியிடம் கேட்டு வாங்கிக்கொண்டார் அக்கா. வேடிக்கை பார்க்க நானும் போனேன்.

குழாய், கழிப்பறை, குளிர்சாதனப் பெட்டி என்று சங்கோஜம் மளமளவெனக் கேட்டுக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் அவர் விரல் ஒரு தாவு தாவியது.

"நில்லு. நடுவுல ஒண்ணு முழுங்கிட்டே."

"அக்கா... உங்ககிட்ட போய் எப்படிக்கா..."

"என்கிட்டயே கேக்க முடியலன்னா முன்னப்பின்ன தெரியாதவங்ககிட்ட என்னத்தக் கேப்பே? சத்தமா படி."

படித்தார். காது மடல் வரை சிவந்துவிட்டது. அக்கா தன் பதிலைச் சொன்னார். பிறகு, வீட்டில் இருக்கும் இன்னொருவர் என்ன உறவு என்ற கேள்வி வந்தது. அந்த இன்னொருவர் ஒரு நர்ஸ். அலுவலகத்தில் அக்கா அவரைப் பற்றிப் பேசும்போதெல்லாம் 'கூட இருக்கிறவ' என்பதோடு நிறுத்திக்கொள்வார்.

"இணையர்னு போடு. போன தடவை வந்தவன் தோழின்னு போட்டான். அதுக்கு முன்னாடி வந்தவன் வாடகைக்கு இருக்கிறவங்கன்னு போட்டுட்டான். வீடே அவளோடதுடா!"

நான் சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை. அவர் குரலில் குறும்பு இல்லாமல் நான் கேட்டது அன்றுதான்.

"அவளையே கேட்டுக்கோ" என்றவர், சமையலறைப் பக்கம் குரல் கொடுத்தார்: "ஏய், இங்க வா. நம்மளக் கணக்கெடுக்க வந்திருக்காங்க."

"இதோ" என்று பதில் வந்தது. அடுப்பை அணைக்கும் சத்தம் கேட்டது. ஆனால் ஆளைக் காணோம். உள்ளே ஒரு பீரோ திறந்து மூடியது. சங்கோஜம் என்னைப் பார்த்தார், நான் கூரையைப் பார்த்தேன்.

நர்ஸ் வந்தபோது தலையைப் படிய வாரி, இஸ்திரி மடிப்புக் கலையாத புடவை கட்டியிருந்தார்.

"போட்டோவா எடுக்கப் போறாங்க?" என்றார் அக்கா.

நர்ஸ் தனியே கிடந்த நாற்காலியை இழுத்து அக்காவின் நாற்காலியோடு ஒட்டிப் போட்டு, நிமிர்ந்து உட்கார்ந்தார்.