மோவாயில் ஒரு விரல்

இன்றைக்கும் வளவனூர் பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது கெங்கம்மாளின் வலது கை எழுந்து மோவாயைத் தொட்டுவிடும். கழுத்து நேராகி ஐந்து வருஷமாகிறது. அந்த விரலுக்கு மட்டும் யாரும் தகவல் சொல்லவில்லை போலிருக்கிறது.

எண்பதாம் வருஷம் அவள் கழுத்து இடப்பக்கமாகத் திருகிக்கொண்டது. மோவாயில் ஒரு விரலை வைத்தால்தான் நேராகும், எடுத்தால் பழையபடி திரும்பிவிடும். நடவு வயலில் இரண்டு கையிலும் வேலை இருக்குமே! அதனால் அவளை வரிசையின் வலது கோடியில் நிறுத்தினார்கள். "எல்லாரையும் மேய்க்கிறா பாரு" என்று கேலி வேறு. அவளும் விடமாட்டாள், ஒன்றுக்கு ஒன்பதாகத் திருப்பிக் கொடுப்பாள். அவள் பேச்சுக்காகவே நடவுக்குக் கூப்பிட்டவர்கள் உண்டு. புருஷன் அப்பாதுரை எப்போதும் அவளுக்கு இடப்பக்கமாகவே நடந்தான். அவள் கண் விழுகிற இடத்தில் இருக்கவேண்டுமாம். அதை நினைத்தால் அவளுக்கு இப்போதும் நெஞ்சு இளகும்.

அந்தச் சிரிப்பெல்லாம் கோலியனூரில் ஒரு தூரத்து உறவின் சாவு வீட்டில் நின்றுபோனது. செத்துப்போன கிழவியின் முகத்தை நேராக ஒருமுறை பார்ப்பதற்காகக் கெங்கம்மாள் மோவாயில் விரலை வைத்தாள். விஷயம் தெரியாத கிழவியின் மகள் கோவிந்தம்மாள் எகிறினாள்.

"இன்னா, எங்கம்மா செத்தது உனுக்கு அதிசயமா கீதா?"

வீடு வரும்வரை கெங்கம்மாள் வாயே திறக்கவில்லை. அப்பாதுரைக்கு அதுதான் தாங்கவில்லை. மறு மாதமே மெட்ராசுக்கு அழைத்துப் போனான்.

மண்டையில் சின்னத் துளை போட்டு, மூளைக்குள் ஊசி விட்டு, அதன் முனையில் கொஞ்சம் கரண்ட் கொடுப்பார்களாம். கழுத்து தளர்ந்தால் அந்த இடத்தைச் சுட்டுவிடுவார்களாம். இடம் பிசகினால் பேச்சு குழறிப்போகலாம் என்றார் டாக்டர்.

"வாணாம் கெங்கா, வா போயிடலாம்" என்றான் அப்பாதுரை.

"சாவு வூட்ல நிக்கக்கூட லாயக்கில்லாத கழுத்து எனுக்கு எதுக்குங்க?" என்றாள் அவள்.

மயக்கம் கொடுக்கவில்லை. பேசிக்கொண்டே இருக்கச் சொன்னார்கள். விழுப்புரத்திலிருந்து பாண்டி வரை பஸ் நிற்கிற ஊர்களைக் கண்டக்டர் மாதிரி திரும்பத் திரும்பச் சொன்னாள். மூன்றாம் தடவை, கோலியனூருக்கு அப்புறம் நாக்கு புரளவில்லை. சொந்த ஊர்ப் பேரே வரவில்லை. பயத்தில் கண்ணீர் வழிந்தது. டாக்டர் ஊசியை இம்மியளவு பின்னுக்கு இழுத்து மறுபடி கரண்ட் விட்டார்.

"வளவனூர்" என்றாள், தெளிவாக.

அவள் கழுத்தில் கை வைத்திருந்த நர்ஸ் லூர்துமேரி, "தளர்ந்துடுச்சு டாக்டர்" என்றாள்.

பதினைந்து நாள் கழித்து, மொட்டைத் தலையில் முக்காடு போட்டு ஊரில் வந்து இறங்கினாள். அப்பாதுரை பழக்கதோஷத்தில் இடப்பக்கம் வந்து நடந்தான். அவள் முகம் நேராக ரோட்டைப் பார்த்தது. புளியமரம் தாண்டியதும் மெல்ல அவன் பக்கம் திரும்பியது.

அவன் அங்கேயே நின்றுவிட்டான். "இன்னாடி, மறுபடியும் இழுக்குதா?"

"இல்லீங்க. இத்தினி நாளா அதுவா திரும்புச்சு. இன்னிக்கு நான் திரும்பிப் பாக்கறேன்."